சந்திக்கு ஒரு எலுமிச்சம்பழம்: தங்கவயலில் அம்மன் சுற்றி வந்த வழி

தங்கவயலுக்கு நான் நான்காவது தடவை போனதைப் பற்றிச் சொல்கிறேன். ராபர்ட்சன்பேட்டையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கல் நட்டுப் புதுத் தெருக்கள் அளந்துகொண்டிருந்த வருஷம், வைகாசி மாதம். எனக்குக் குடியாத்தத்தில் கைலி வியாபாரம். கடையில் உட்கார்ந்து விற்றால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு உட்கார வராது. மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கேயாவது கிளம்பினால்தான் சோறு இறங்கும்.

இந்தத் தடவை கிளம்பியதற்கு இரண்டு காரணம். என் தங்கை குப்புவை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது. மச்சானுக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. நம் ஜில்லாவிலிருந்து போன ஜனங்கள் அங்கேயும் வருஷா வருஷம் கங்கையம்மனுக்குக் கரகம் எடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய எலுமிச்சம்பழம் என் உபயம். இது ஒரு காரணம். இரண்டாவது, குப்புவின் மகள் பச்சையம்மாவுக்குக் கல்யாணப் பேச்சு முடிந்து, திருவிழா கழிந்த வெள்ளிக்கிழமை பரிசம் போடுவதாக இருந்தது. தாய்மாமன் இல்லாமல் அது எப்படி நடக்கும்?

குடியாத்தத்தில் காலை வண்டி. பௌரிங்பேட்டை வரை மூன்றாம் வகுப்பு ஏறக்குறைய ஒரு ரூபாய். ஜோலார்பேட்டையில் வண்டி நெடுநேரம் நிற்கும், தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். குப்பம் தாண்டினால் காற்று மாறிவிடும், வைகாசியிலும் வியர்வை காய்ந்துவிடும். பௌரிங்பேட்டையில் இறங்கிக் கிளை வண்டி மாற வேண்டும். பத்து மைல், இரண்டணா. கிளை வண்டியில் சுரங்க ஆட்கள் நெருக்கித் தள்ளுவார்கள். பழக்கூடையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பலகைக்கு அடியில் வைத்தால் கூழாகிவிடும்.

முதல் தடவை நான் போனபோது இந்தக் கிளை ரயிலே கிடையாது. பௌரிங்பேட்டையிலிருந்து மாட்டு வண்டி, அரை நாள் குலுக்கல். அப்போது அங்கே தெரு என்று ஒன்றுமில்லை. பொட்டல் வெளியில் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் குழிகள், அவற்றைச் சுற்றித் தட்டிக் குடிசைகள். எந்தக் குடிசையிலிருந்தும் எந்தக் குடிசைக்கும் கால் போன போக்கில் போகலாம். அந்த வருஷம் பூசாரிக்கு எங்கே எலுமிச்சம்பழம் வெட்டுவது என்றே தெரியவில்லை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கரகம் சந்திக்குச் சந்தி நிற்க வேண்டும். பம்பை அடிக்க வேண்டும். ஒரு பழத்தை இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் எறிந்த பிறகுதான் அம்மன் சந்தியைத் தாண்டுவாள். எல்லாமே வழியாக இருந்த இடத்தில் சந்தி எது? வண்டித் தடம் இரண்டு கூடுகிற இடங்களைப் பார்த்து நாலு பழம் வெட்டினார்கள்.

அடுத்த தடவை போனபோது குடிசைகளைப் பிரித்து, சுரங்க ஆட்களுக்கு வரிசை வீடுகளாக லைன் கட்டியிருந்தார்கள். வரிசைக்கு வரிசை நடுவில் சந்து, சந்துக்குக் குறுக்கே சந்து. பதினான்கு பழம் செலவானது. மூன்றாவது தடவை ஆறு பழம் குறைந்தது. ரயில் பாதை இரண்டு சந்தியை விழுங்கிவிட்டது, தங்கம் எடுத்த பிறகு கொட்டுகிற சயனைட் மண்மேடு வந்து இன்னும் நாலை மூடிவிட்டது. ஊர் பெரிதாகப் பெரிதாக வழியும் கூடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று என் கூடை சொன்னது. எட்டுப் பழம் செலவான கணக்கை வைத்துக்கொண்டு, போனால் போகிறதென்று இந்தத் தடவை இருபது கொண்டுபோனேன்.

நந்திதுர்க் போகிறவர்கள் ஊர்காமில் இறங்க வேண்டும். நான் இறங்கவில்லை. ஒரு ரயில் எதுவரை போகிறதோ அதுவரை போய்ப் பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மாரிகுப்பத்தோடு பாதை முடிகிறது. அங்கே இறங்கினேன். பாறை இடிக்கிற மில்லின் சத்தம் காலுக்கடியிலிருந்து ஏறி வந்து பல்லில் நிற்கிறது. ராத்திரி பகல் ஓயாத சத்தம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. எனக்கோ அதைக் கேட்டதும் நடையே வேகமாகிவிடும்.

குப்பு வீடு நந்திதுர்க் பின் லைனில், மாரிகுப்பத்திலிருந்து மூன்று மைல். தெரிந்த வழிதானே என்று கைலி மூட்டையைத் தோளிலும் கூடையைக் கையிலும் எடுத்துக்கொண்டு நடந்தேன். நந்திதுர்க் வந்ததும் அங்கே இருக்கிற மில்லை ஒட்டிப் போகிற சந்தில் திரும்பினேன். திரும்பின இடத்தில் முள்கம்பி. ஆள் உயரத்துக்குக் கம்பம் நட்டு ஐந்து வரிசை கம்பி இழுத்திருந்தது. நடுவில் ஒரு கேட், கேட்டில் காக்கித் தலைப்பாகை கட்டிய காவல்காரர்.

"ஐயா, பின் லைனுக்குப் போகணும். இந்தப் பக்கமாத்தான் போன வருஷம் போனேன்."

"போன வருசம் போயிருப்ப. இப்ப டோக்கன் கீதா?"

"இல்லை. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"டோக்கன் இல்லாம ஷிப்ட் ஆளுங்களையே உடுறதில்ல. தங்கக் கல்லு மடியில போவுதுன்னு கம்பி போட்டுக்கீறாங்க. சுத்திக்கினு போ. கெணத்துப் பக்கமா ஒரு வழி கீது. அது ஒண்ணுதான்."

சுற்றினேன். கண்ணுக்கு எதிரே குப்பு வீட்டுக் கூரை தெரிகிறது. கையை நீட்டினால் எட்டும் போல இருக்கிறது. ஆனால் கம்பியை ஒட்டி நடந்து, முன் லைனைத் தாண்டி, கிணற்றைச் சுற்றி வர ஒரு மணி நேரம் ஆனது. வெயிலில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பார்க்க முடிகிற இடத்துக்குப் போக முடியவில்லை என்றால் அந்த ஊர் என்ன ஊர்?

வீட்டுக்குப் போனால் குப்பு முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பச்சையம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் எதையும் சுற்றி வளைக்க மாட்டாள்.

"மாமா, இந்த வருசம் அம்மன் நம்ம லைனுக்கு வராதாம். மேஸ்திரி சொல்லிட்டாரு."

"ஏன்?"

"கெணத்துப் பக்கமா உள்ள வந்தா மில்லுப் பக்கமா வெளிய போவும் இல்ல? இப்ப மில்லுப் பக்கம் கம்பி. வந்த வழியிலேயே திரும்பணும். அம்மன் திரும்புமா?"

திரும்பாது. கரகம் போன வழியே திரும்பக் கூடாது என்பது நம் ஜனங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுற்றித்தான் வர வேண்டும். கல்யாண ஊர்வலம்கூட அப்படித்தானே? பின் லைன் என்பது எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடு, நடுவில் ஒரு சந்து. ஒரு தலையில் கிணறு, மறு தலையில் இப்போது கம்பி. வீடுகளின் பின்பக்கம் சப்பாத்திக்கள்ளி புதராக மண்டிக் கிடக்கிறது. சந்து முட்டுச்சந்தாகிவிட்டது. அம்மன் எப்படி உள்ளே வருவாள்?

"வராட்டி போவட்டும்னு உட்டுட முடியாது," என்றாள் குப்பு, அடுப்படியிலிருந்தே. "மாணிக்கம் அம்மா ஆள் அனுப்பிட்டா. அம்மன் கால் படாத லைன்ல பொண்ணு எடுக்க மாட்டாளாம். வெள்ளிக்கெழம வர்றதில்லன்னு சொல்லிட்டா."

மாணிக்கம்தான் மாப்பிள்ளைப் பையன். முன் லைனில் வீடு, ஆட்களைக் கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறக்குகிற இடத்தில் மணி அடிக்கிற வேலை. பச்சையம்மாவும் அவனும் கிணற்றடியில் பார்த்துப் பேசிக்கொண்டவர்கள் என்று எனக்கு வேறு வழியில் தெரியும். அதை நான் வெளியே சொல்லவில்லை. ஒரு முள்கம்பிக்காக இந்தப் பெண்ணின் கல்யாணம் நின்று போவதா?

சாப்பிடாமலே ஏழுமலை மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். திருவிழா வரி வசூல் பண்ணுகிறவர் அவர்தான். முன் லைனில் வீட்டு வாசலில் பம்பைக்குத் தோல் இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வாசலில் மாணிக்கத்தின் தாய் கன்னியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் முறம் ஓசை நின்றது.

"மேஸ்திரி, பின் லைன்காரங்க வரி கொடுத்திருக்காங்க. அம்மன் போகாதுன்னா என்ன நியாயம்?"

"வரியத் திருப்பிக் குடுத்துட்டன்," என்றார் அவர். "நான் இன்னா பண்ணட்டும்? கம்பெனிக்காரன்கிட்டப் போயி கேட்டத் தொறன்னு கேட்டுப் பாத்தன். நாளைக்கு எல்லா லைன்காரனும் கேப்பான்னுட்டான். அம்மனத் திருப்பச் சொல்றியா? திருப்பிட்டு, அப்பறம் அந்த லைன்ல ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யார் பதில் சொல்றது? போன வருசம்தான் பிளேக்கு வந்து அலறிக்கினு ஓடினோம்."

"வீடுகளுக்குப் பின்னால சுத்திக்கிட்டு வரலாமே?"

இதற்கு முறத்தை வைத்துவிட்டுக் கன்னியம்மா பதில் சொன்னாள். "பின்னால இன்னா கீதுன்னு பாத்துட்டுப் பேசுங்க. ஜனங்க காலைல ஒதுங்கற எடம். அங்க அம்மனக் கூட்டிக்கினு போறதா?"

அவள் கெட்டவள் இல்லை. முதல் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் என்று குப்பு முன்பே சொல்லியிருக்கிறாள். மிச்சம் இருக்கிற ஒரே மகனை அவளுக்குப் பயமாக இருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கட்ட மாட்டாள். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, அதிகமாயிற்று. யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்று வந்தவனுக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை.

மறுநாள் திருவிழா. விடிந்ததும் விடியாததுமாக எழுந்துவிட்டேன். கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்று புறப்பட்டேன். பச்சையம்மா ஆட்டுக் கொட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"கம்பிய ஏன் மாமா பாக்குற? கம்பில ஓட்ட இருந்தா காவல்காரன் மூடிடுவான். நீ இத்தப் பாரு," என்று ஒரு ஆட்டின் காலைத் தூக்கிக் காட்டினாள். குளம்பெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. "நம்ம லைன்ல யாரும் வெள்ள அடிக்கல. ரெண்டு வாரமா இதுங்க இப்படித்தான் வருது. காலைல கள்ளிக்குள்ள பூந்துதுன்னா சாயங்காலம் சுண்ணாம்பு மிதிச்சுக்கினு வருது. அந்தப் பக்கம் எங்கயோ சுண்ணாம்பு கொட்டிக் கீது."

ஆடு போன வழியில் நானும் நுழைந்தேன். வேட்டி கிழிந்தது. கை காலெல்லாம் முள். புதர் அகலமாக இருந்தது, ஆனால் முடிவில்லாமல் இல்லை. அந்தப் பக்கம் தலையை நீட்டியதும் சிரிப்பு வந்துவிட்டது. செம்மண்ணில் நேர்க்கோடாகச் சுண்ணாம்பு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் நட்ட கல். ராபர்ட்சன்பேட்டையின் கடைசித் தெரு. பேட்டை என்றால் கிணற்றைச் சுற்றி, முன் லைனைத் தாண்டி, பெரிய ரோட்டில் ஒன்றரை மைல் நடந்து போகிற இடம் என்றுதான் பின் லைன்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது இவர்கள் வீட்டுக் கொல்லைக்கே வந்து நின்றிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, ஆட்டைத் தவிர.

தெருவில் வீடு ஒன்றுகூட இல்லை. தூரத்தில் சங்கிலி இழுத்து அளந்துகொண்டிருந்த ஆட்களுக்கு மேலாளாக ஒருவர் குடை பிடித்து நின்றார். ஓடிப்போய், புதரை வெட்டி வழி பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவர் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "பேட்டைக்கு ஜனங்கள் வர வேண்டும் என்றுதானே தெருவே போடுகிறோம். வெட்டுங்கள், எனக்குக் கூலி மிச்சம். கல்லை மட்டும் பிடுங்காதீர்கள்."

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் படுக்கப் போகவில்லை. மச்சான் சுரங்கத்துக் கோடரியோடு வந்தார். பெண்கள் வெட்டின கள்ளியைக் கவைக்கோலால் தள்ளிக் குவித்து, தரையைக் கூட்டிச் சாணம் தெளித்தார்கள். ஏழுமலை மேஸ்திரியும் வந்து பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். நடுவில் ஒரு புற்று இருந்தது. இடுப்பு உயரம். கோடரி அங்கே போய் நின்றுவிட்டது. புற்றில் கை வைக்க யாருக்கு மனசு வரும், அதுவும் திருவிழா நாளில்? வழியை இடது பக்கம் வளைத்துவிட்டார்கள். நேராக வந்த வழி புற்றைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து மறுபடி நேராகப் போயிற்று.

முதல் ஷிப்ட் முடிந்த சங்கு ஊதியதும் கரகம் புறப்பட்டது. அடுத்த சங்குக்குள் சுற்றி முடிக்க வேண்டும், பம்பைக்காரர்கள் இருவரும் அந்தச் சங்குக்கு வேலைக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புறப்படும்போது கரகத்திலிருந்து முதல் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஒரு வீட்டுக்குக் கொடுப்பார்கள், அந்த வீட்டில் நடக்கப்போகிற நல்ல காரியத்துக்கு. இந்த வருஷம் முறை கன்னியம்மாவுடையது. அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். மகன் கல்யாணப் பந்தக்காலில் கட்டுவதற்கு. எந்தப் பெண்ணோடு கல்யாணம் என்று அப்போது அவள் யாரிடமும் சொல்லவில்லை. குப்பு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன் லைனில் ஐந்து பழம். கிணற்றடியில் ஒன்று. அம்மன் பின் லைனுக்குள் வந்தபோது குப்பு அழுதுவிட்டாள். வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கள்ளிக் குவியலுக்கு நடுவே புற்றைச் சுற்றி வளைந்து, கரகம் மறுபக்கம் இறங்கியது. காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சுண்ணாம்புக் கோட்டுக்கு வந்ததும் முதல் சந்தி. பூசாரி நின்றார். ஒரு பழம். ஐம்பது தப்படி நடந்தால் அடுத்த சந்தி. ஒரு பழம். அப்போதுதான் தலை தூக்கிப் பார்த்தேன். சதுரங்கப் பலகை மாதிரி கோடு குறுக்கும் நெடுக்கும் போயிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் சந்தி. நம் லைன்கள் எத்தனை வருஷம் கழித்தும் சேர்க்காத சந்திகளை இந்த மனிதர்கள் ஒரு மாதத்தில் சுண்ணாம்பால் போட்டுவிட்டார்கள். வழி இல்லையே என்று அழுத ஜனங்களுக்கு இப்போது வழி அதிகமாகிவிட்டது.

"மேஸ்திரி, வீடே இல்லாத எடம்," என்றார் பம்பைக்காரர். "இதுக்கெல்லாம் வெட்டணுமா? ஷிப்ட்டுக்கு நேரம் ஆவுது."

மேஸ்திரி தயங்கினார். கன்னியம்மா விடவில்லை. "வீடு இருக்கற சந்தியில மனுசங்க நிப்பாங்க. வீடு இல்லாத சந்தியில இன்னா நிக்கும்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணு உடாம வெட்டுங்க."

வெட்டினார்கள். கூடையைப் பிடித்துக்கொண்டு பூசாரி பக்கத்தில் நடந்தேன். பழம் குறைந்துகொண்டே வந்தது. முன்னாலே பெரிய ரோடு தெரிந்தது. அதில் ஏறிவிட்டால் முன் லைன் வரை சந்தி கிடையாது. ஆனால் ஏறுகிற இடமே ஒரு சந்தி. அங்கே வந்தபோது கூடையில் கை விட்டேன். வைக்கோல்தான் வந்தது.

கரகம் நின்றது. பம்பை நின்றது. தாண்டவும் முடியாது, திரும்பவும் முடியாது. பேட்டைக் கடை அரை மைல். ஓடிப்போய் வாங்கி வருகிறேன் என்றேன். வைகாசியில் அந்தக் கடையில் பழம் இருக்கிறதோ என்னவோ. மில் மட்டும் எதையும் கேட்காமல் இடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள், அந்த லைனுக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று. பச்சையம்மா அதைக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒரு எலுமிச்சம்பழம் கூடுதலாகக் கொண்டுவராத தாய்மாமன் என்ன தாய்மாமன் என்று என்னையே வைதுகொண்டேன்.

கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

மேஸ்திரி பதறிப்போனார். "தே, இன்னா பண்ற நீ? அது கல்யாணத்துக்கு வெச்சது."

"கல்யாணத்துக்கே போவட்டும்," என்று அவள் பழத்தைப் பூசாரி கையில் வைத்தாள். பிறகு குப்புவின் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கெழம வர்றோம். கெணத்துப் பக்கமா வரட்டுமா, புத்துப் பக்கமா வரட்டுமா? நீங்களே சொல்லுங்க, சம்மந்தி."

குப்பு கன்னியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பச்சையம்மாதான் சொன்னாள். "புத்துப் பக்கமா வாங்க, அத்த."

பூசாரி பழத்தை வெட்டினார். பம்பை எழுந்தது. அடுத்த சங்கு ஊதுவதற்குள் அம்மன் முன் லைனுக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பரிசம் நடந்தது, ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதையெல்லாம் விவரமாக எழுதினால் இது பயணக் கட்டுரையாக இருக்காது. போகிறவர்களுக்கு உபயோகமாக மிச்சத்தைச் சொல்கிறேன்.

பேட்டைக்கே போகிறவர்கள் என்னைப் போல மாரிகுப்பம் வரை போகாமல் ஊர்காமில் இறங்கி ஜட்கா வைத்துக்கொள்ளுங்கள். நாலணா கேட்பார்கள், மூன்றணாவுக்கு வருவார்கள். கம்பி கண்டால் வாதாடாதீர்கள், காவல்காரர் கையில் ஒன்றும் இல்லை. ராத்திரி குளிரும், துப்பட்டி அவசியம். பேட்டையில் இப்போது தெருவுக்குத் தெரு வீடு எழும்பிவிட்டது, சாப்பாட்டுக் கடையும் இரண்டு இருக்கிறது.

முக்கியமாக ஒன்று. வழி கேட்கும்போது "எப்படிப் போவது" என்று கேட்காதீர்கள். போன வருஷத்து வழியைச் சொல்லிவிடுவார்கள், சொல்கிறவருக்கே அது மூடினது தெரியாது. "இப்போது எப்படிப் போவது" என்று கேளுங்கள். என் வீட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மூன்று மைலுக்குப் பதில் ஐந்து மைல் வெயிலில் நடந்தவனுக்குத்தான் அந்த ஒரு வார்த்தையின் அருமை தெரியும்.

சில வருஷம் கழித்து, போன மாதம் மறுபடி போய்வந்தேன். பின் லைன் இல்லை. மண்மேடு அதுவரை வந்துவிட்டது, வீடுகளைப் பிரித்து ஜனங்களை வேறு வேறு லைனுக்கு அனுப்பிவிட்டார்கள். குப்புவும் மச்சானும் இப்போது மாரிகுப்பத்தில். அவர்கள் சாமான் ஏற்றிய வண்டி நாங்கள் வெட்டின வழியாகத்தான் வெளியே போனதாம், கேட்டு என் மனசு சரியாகவே இல்லை. யாருக்காக அந்த வழியைத் திறந்தோமோ அவர்களே அதில் போய்விட்டார்கள். கிணறும் மூடியாயிற்று. நான் அங்கே நிற்கப் பிடிக்காமல் வேகமாக நடந்தேன்.

ஆனால் வழி மூடவில்லை. பேட்டைக்காரர்கள் அதைக் கல் கொட்டி ரோடாக்கி, மண்மேட்டைச் சுற்றி நந்திதுர்க்குக்கு இழுத்துவிட்டார்கள். சைக்கிளில்கூட ஆட்கள் போகிறார்கள். பேட்டையில் மற்றத் தெருக்களெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க, இது மட்டும் ஓரிடத்தில் காரணமில்லாமல் இடது பக்கம் வளைகிறது. புற்று மழையில் கரைந்து போய் ஒரு வருஷம் ஆகிறது. வண்டிக்காரர்கள் அந்த இடத்தில் மாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ரோடு போட்டவனைத் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

பச்சையம்மா வீடு அந்த வளைவில்தான் இருக்கிறது. மாணிக்கம் அங்கேயே மனை வாங்கிக் கட்டினான். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து பேத்தியைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா சம்மந்தி, பழக் கூட எங்க?" என்றாள். இந்த வருஷம் அம்மனுக்கு எத்தனை சந்தி என்று கேட்டேன். இன்னும் யாரும் நடந்து பார்க்கவில்லை என்றாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பி, எண்ணிக்கொண்டு வரப் புறப்பட்டேன்.